ஆடு கேட்டாச்சா?

அந்தக் காலத்தில் ஆடு மாடு, காக்கை குருவி எல்லாம் மனிதர்கள் பேசும் பேச்சையே பேசிக்கொண்டிருந்தன. எந்தக் காலம் அது என்று நீங்கள் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனாலும் கேளுங்கள். கேட்கிற பழக்கத்தை விட்டதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

பேச்சு ஒன்றுதான் என்றாலும் குணம் வேறு வேறு. காக்கை ஒரு வீட்டுச் சங்கதியை இன்னொரு வீட்டில் கொண்டுபோய்ப் போடும். எருமையிடம் காலையில் ஒன்று கேட்டால் பதில் வர மத்தியானம் ஆகும். செம்மறி, முன்னால் போகிற செம்மறி என்ன சொன்னதோ அதையே சொல்லும். வெள்ளாடு மட்டும் யார் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து, "மெய்யா?" என்று கேட்கும். மழை வரும் என்றாலும் மெய்யா, மாப்பிள்ளை நல்லவன் என்றாலும் மெய்யா. அது மேய்கிறதும் அப்படித்தான். இந்தச் செடியில் ஒரு வாய், கொஞ்சம் யோசனை, பிறகு அடுத்த செடி. கடித்துப் பார்க்காமல் எதையும் நம்பாது. கடித்த பிறகும் முழுசாக நம்பாது.

மலையடிவாரத்தில் பாறைப்பட்டி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் வெள்ளாட்டின் இந்த நச்சரிப்பை ஒரு முறையாகவே ஆக்கிக்கொண்டார்கள். கல்யாணம் பேசினாலும், விதைப்புக்கு நாள் குறித்தாலும், ஒருவன் மேல் களவு சொன்னாலும், கடைசியில் ஊர்ப்பெரியவர், "ஆடு கேட்டாச்சா?" என்பார். உடனே இருளாயி வீட்டு வெள்ளாடு எழுந்து வரும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் அதற்குச் சுட்டி என்றே பேர். அது கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, இனிமேல் கேள்வி இல்லை என்று சொல்லிப் படுத்த பிறகுதான் காரியம் நடக்கும்.

ஒரு தடவை ஒருவன் தன் சேவலை அடுத்த வீட்டுக்காரன் அடித்துத் தின்றுவிட்டான் என்று குதியாய்க் குதித்தான். சேவல் வழக்கமாக அடைகிற இடத்தில் போய்ப் பார்த்தாயா என்று சுட்டி கேட்டது. அவன் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தால் சேவல் அவன் வீட்டுக் கூரை மேலேயே ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

ஊருக்குச் சாமி பாறையடி அய்யா. பூசாரி சங்கிலி நல்ல மனுசன். அய்யா அவர் மேல் இறங்கி ஆடி, வாக்குச் சொல்லி, மலையேறிய பிறகு, சங்கிலி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேராகச் சுட்டியிடம்தான் வந்து உட்காருவார். "நான் சொன்னது அய்யா சொன்னதா, எம் மனசு சொன்னதா? கேளு தாயி" என்பார். சுட்டி கேட்கும். குரல் எங்கேயிருந்து வந்தது, நேற்று நீயே நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் அய்யாவும் சொன்னாரா, உனக்குப் பிடிக்காததை எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று துருவித் துருவிக் கேட்கும். சில நாள் சங்கிலி மறுநாள் காலையில் ஊரைக் கூட்டி, நேற்றுச் சொன்னதில் பாதி என் சரக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிடுவார். அதனால் யாரும் அவரைக் குறைவாக நினைக்கவில்லை. மீதிப் பாதியை இன்னும் கெட்டியாக நம்பினார்கள். சந்தேகம் சாமிக்கு ஆகாது என்று அந்த ஊரில் அப்போது ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பிறகு ஒரு வருசம் காய்ச்சல் வந்தது. சில வீடுகளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொடுத்தார்கள். ஊர் சிரிப்பை மறந்தது. இருளாயியின் மகள் சோலையும் படுத்தாள். இருளாயிக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளைதான். புருசன் கல்லுடைக்கப் போன இடத்தில் பாறை சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தத் துக்கத்தில் அவளுக்குப் பால் வற்றிப்போக, சோலையைத் தன் மடியில் குடிக்கவிட்டு வளர்த்ததே சுட்டிதான். குழந்தை கண் திறக்காமல் கிடந்த நாட்களில் சுட்டி மேய்ச்சலுக்குப் போகவில்லை. வாசலிலேயே படுத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை ஊரே அய்யாவின் பாறை முன்னால் கூடியது. உடுக்கை அடித்தார்கள். பம்பை அடித்தார்கள். சங்கிலிக்கு மட்டும் உடம்பு ஆடவில்லை. பிள்ளைகளைப் புதைத்த குழிமேட்டிலிருந்து நேரே வந்தவர், கல் மாதிரி நின்றார். நெடுநேரம் கழித்து அவர் உதடு அசைந்தது.

"ஆடு" என்றார். அதோடு கீழே சாய்ந்துவிட்டார்.

அவ்வளவுதான் வாக்கு. ஒரே ஒரு சொல். அய்யா ஆடு கேட்கிறார் என்று ஊர் பிடித்துக்கொண்டது. அந்தச் சபையில் ஆடு என்றால் சுட்டிதான். அதுவரை அய்யாவுக்குப் பொங்கலும் பூவும்தான், யாரும் ஓர் உயிரைக் கொடுத்ததில்லை. ஆனால் காய்ச்சல் கண்ட வீட்டில் யாருக்கு நிதானம் இருக்கும்? விடிந்தால் வெள்ளிக்கிழமை, அன்றைக்கே கொடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது.

சங்கிலி தெளிந்து எழுந்தும் நடக்கத் தெம்பில்லாமல், சுட்டியே வரட்டும் என்று காத்திருந்தார். சுட்டியும் புறப்பட்டது. வெயில் தாழ்ந்த நேரத்தில் பாதி வழியில் இருளாயி குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க போற?"

"சங்கிலிகிட்ட. ஒரே ஒரு கேள்வி இருக்கு ஆத்தா."

இருளாயி அப்படியே மண்ணில் உட்கார்ந்து அதன் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் உன்னைக் கேட்காதே என்று சொன்னதில்லை, இந்த ஒரு தடவை மட்டும் கேட்காமல் இரு என்று அழுதாள். கேள்வி அய்யா காதில் விழுந்தால் அவருக்குக் கோபம் வரும், அந்தக் கோபம் என் பிள்ளை மேல் இறங்கும் என்றாள்.

"மெய்யா?" என்றது சுட்டி.

"தெரியல. அது மெய்யா இருந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

சுட்டிக்கு இதற்குப் பதில் கேள்வி கிடைக்கவில்லை. பிறந்தது முதல் அதுதான் முதல் தடவை. அது மலையைப் பார்த்தது, வீட்டு வாசலைப் பார்த்தது. அந்த வாசலுக்குள்தான் அதன் பால் குடித்து வளர்ந்த பிள்ளை கிடந்தது.

"சரி ஆத்தா, நான் வாயைத் திறக்கல. ஆனா தெரியாததைத் தெரியும்னு சொல்ல என்னால ஆகாது. கேட்டா தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான்."

இருளாயி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தலையை ஆட்டுவேன் என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சரி என்பதற்கும் நாம் தலையை ஆட்டுகிறோம், மாட்டேன் என்பதற்கும் தலையைத்தான் ஆட்டுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் எப்படிக் குடும்பம் நடத்துகிறோமோ தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சுட்டியைக் குளிப்பாட்டி மாலை போட்டு அழைத்துப் போனார்கள். அதன் குட்டிகளும் கூடவே ஓடின. இருளாயி பின்னாலேயே கிளம்பும் முன்பு மகள் நெற்றியைத் தொட்டாள். கை ஈரமானது. கழுத்தடியில் தொட்டாள், அங்கும் வியர்வை. சோலை கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள்.

காய்ச்சல் விட்டுவிட்டது. பாறைப் பக்கம் பம்பைச் சத்தம் இன்னும் எழும்பவேயில்லை.

ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று வாசலைத் தாண்டியவளுக்கு அங்கேயே கால் நின்றுவிட்டது. காய்ச்சல் தானாக விட்டதா, ஆட்டைத் தருகிறோம் என்று சொன்னதால் விட்டதா? சொன்னதால் விட்டிருந்தால், கொடுக்காமல் போனால் திரும்பி வருமே. இப்படி ஒரு முடிச்சு விழும்போதெல்லாம் அவள் போய்க் கேட்பது சுட்டியிடம்தான். அது மாலையோடு பாறை முன்னால் நின்றுகொண்டிருந்தது. அவள் ஓடவில்லை. நடந்தே போனாள்.

அருவாளோடு சங்கிலி நின்றார். ஊர்ப்பெரியவர் முறைப்படி, "ஆடு கேட்டாச்சா?" என்றார். சங்கிலி குனிந்து சுட்டியின் முகத்தருகே வந்தார்.

"கேளு தாயி. எதுனாலும் கேளு."

அவர் அந்தக் கேள்விக்காகத்தான் முந்தின நாளிலிருந்து காத்திருந்தார். சுட்டி கூட்டத்துக்குள் இருளாயியைத் தேடிப் பார்த்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது. வாயைத் திறக்கவில்லை. நேரமாகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். மஞ்சள் தண்ணீரைத் தெளித்துக் கேளுங்கள் என்றார்கள். சங்கிலி சொம்புத் தண்ணீரைச் சுட்டியின் தலையில் ஊற்றி, சம்மதமா என்று கேட்டார்.

சுட்டி தலையை ஆட்டியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், காது பறக்க, தண்ணீர் தெறிக்க, பலமாக ஆட்டியது.

"தலையை ஆட்டிருச்சு" என்றார்கள் முன்னால் நின்றவர்கள். அதை வாங்கிப் பின்னால் சொன்னவர்கள், "சரின்னுருச்சு" என்றார்கள். கடைசி வரிசைக்குப் போவதற்குள், "உத்தரவு குடுத்திருச்சு" என்று ஆகிவிட்டது. முன்னால் நின்றவர்களும் அதைக் கேட்டு, அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பினார்கள்.

இருளாயிக்கு மட்டும் விளங்கிவிட்டது. தலையை ஆட்டுவேன் என்று அது சொன்னது இந்த ஆட்டத்தைத்தான். தெரியாது என்கிறது, வேண்டாம் என்கிறது. நிறுத்துங்கள் என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். சத்தம் தொண்டை வரை வந்தது. கஞ்சி கேட்ட மகளின் முகமும் கூடவே வந்தது. அதற்குள் பெண்கள் குலவையிட்டார்கள், அவளும் சேர்ந்து குலவையிட்டாள். அருவாள் இறங்கியது.

வீட்டுக்கு வந்தபோது சோலை எழுந்து உட்கார்ந்திருந்தாள். சுட்டி எங்கே என்று கேட்டாள். சாமியிடம் போய்விட்டது, அதனால்தான் உனக்குச் சரியாயிற்று என்றாள் தாய். வெள்ளாட்டுப் பால் குடித்து வளர்ந்த பிள்ளை, தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தது.

"மெய்யா?"

"மெய்தான்" என்றாள் இருளாயி.

பிள்ளையைப் பார்க்க வந்த ஊரார், சுட்டி போன வேகத்தில் காய்ச்சல் போய்விட்டதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விடியும்போதே வியர்த்துவிட்டது என்று இருளாயி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். கொடுக்கப்போகிறோம் என்று அய்யாவுக்கு முன்னாலேயே தெரியாதா என்றார்கள். அதற்கு மேல் கேட்க அங்கே யாரும் இல்லை. அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் காய்ச்சல் வந்தது. அவர்களும் ஓர் ஆட்டைத் தேடினார்கள். அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. ஆட்டில் ஏதோ குறை என்று அடுத்த ஆட்டைத் தேடினார்கள்.

சங்கிலி அருவாளைக் கீழே வைத்துவிட்டார். வேறொருவர் அதை எடுத்துக்கொண்டார். நெடுநாள் கழித்து ஒரு நாள் சங்கிலி இருளாயி வீட்டு வாசலில், சுட்டி படுத்துக் கிடந்த இடத்தின் ஓரமாக வந்து உட்கார்ந்தார்.

"அய்யா அன்னைக்கு 'ஆடு'ன்னு மட்டுந்தான் சொன்னாரு, இருளாயி. நான் ஆடாம கல்லாட்டம் நின்னுக்கிட்டிருந்தேன். என்னை ஆடச் சொன்னாரோ என்னவோ."

இருளாயி எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி இருக்குன்னு சொல்லிச்சு, மாமா. நான்தான் கேக்க விடல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உன்னை ஆடச் சொன்னாரா, ஆடான என்னைக் கேட்டாரா என்று சுட்டி கேட்டிருக்கும். கேட்டிருந்தால் அவர் உடனே ஆடியிருப்பார், விடிய விடிய ஆடியிருப்பார். இரண்டு பேரும் அழுதார்கள். பாவம், அழுது என்ன ஆகப்போகிறது.

மறுநாள் இருளாயி தொழுவத்துக்குப் போனாள். சுட்டியின் குட்டிகள் வளர்ந்து நின்றன. அவற்றின் முன்னால் மண்டியிட்டு, இனிமேல் எதுவானாலும் கேளுங்கள், சாமியானாலும் கேளுங்கள், நானே வந்து தடுத்தாலும் கேளுங்கள் என்று கெஞ்சினாள். குட்டிகள் அவளைப் பார்த்தன. தாய் வாயை மூடிக்கொண்டு நின்றதை அந்த வெள்ளிக்கிழமை அவையும் பார்த்திருந்தன. கேட்கத்தான் முயன்றன. "மெ..." என்று வாயெடுத்தன. மேற்கொண்டு சொல் வரவில்லை. "ம்மே" என்றன. வேலிக்கு அப்பால் நின்ற ஆடுகளும் "ம்மே" என்றன. பாதியில் அறுந்த அந்தக் கேள்விக்கு மீதியைச் சேர்த்துக் கேட்க மனிதர்களுக்கும் தெரியவில்லை. பசிக்கிறது போலும் என்று தழையை ஒடித்துப் போட்டார்கள்.

ஆனால் ஆடு கேட்காமல் எதுவும் நடக்கக் கூடாது என்ற பழைய முறை மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் சாமிக்கு முன்னால் ஆட்டை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்கிறோம். அது அசையாமல் நின்றால் அருவாளை ஓங்க யாருக்கும் மனம் வராது. மறுபடி ஊற்றுகிறோம், காதுக்குள் ஊற்றுகிறோம். அதுவும் கடைசியில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சிலுப்பிவிடுகிறது. இருளாயி தெரிந்தே குலவையிட்ட அந்த வெள்ளிக்கிழமை தொடங்கித்தான், ஆடு வேண்டாம் என்று சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருந்து, சொன்னதும், உத்தரவு கிடைத்துவிட்டது என்று நாம் குலவையிடுகிறோம்.