மூன்றாம் தடவை திறக்கும் வாசல்

மேசைமேல் கிடக்கும் சாமான்களுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை இருந்தது. கடைக்காரி பெயர் இன்பவல்லி. கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன் முதுகில் இருந்த துளைகளை எலி நாசம் பண்ணிவிட்டது. முகப்பில் ஒரேயொரு யூ.எஸ்.பி. துளை மட்டும் மிச்சம். அந்தத் துளைக்குப் பெயர் வாசலக்கா.

இன்பவல்லிக்கு ஒரு பலவீனம் உண்டு. யூ.எஸ்.பி. வால் முளைத்த எதைப் பார்த்தாலும் வாங்கிவிடுவாள். உள்ளங்கை அகல விசிறி, டீ ஆறாமல் வைக்கும் சூட்டுத்தட்டு, பாட்டுக்கு இடுப்பை ஆட்டும் பிளாஸ்டிக் பூ, கழுத்து வளைந்த குட்டி விளக்கு, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பச்சைக் கிளி என்று மேசை நிறைந்து கிடக்கும். எதற்கும் பாட்டரி கிடையாது. வாசலக்காவிடம் போய்க் கொஞ்ச நேரம் வாலைச் சொருகிக்கொண்டால்தான் உயிர். அந்த உயிரை வைத்து மறுநாள் வரை ஓட்ட வேண்டும். முறை தப்பினால் மூச்சு நின்றுவிடும். நின்ற மூச்சு திரும்ப வராது.

ஆகவே இன்பவல்லி ஜெராக்ஸ் மெஷின் பக்கம் நகர்ந்தாளோ இல்லையோ, மேசைமேல் குழாயடிச் சண்டை ஆரம்பித்துவிடும். தெருக்குழாயில் குடம் வைப்பது மாதிரி எல்லாரும் வாலை நீட்டி வரிசை போடுவார்கள்.

"ஏம்மா, என் வாலை மிதிக்காத!" என்று விசிறி கத்தும்.

"ஆமா, பெரிய வாலு! காத்தே வராத விசிறிக்குப் பேச்சைப் பாரு" என்று சூட்டுத்தட்டு நொடிக்கும்.

வாசலக்காவுக்குக் கண் கிடையாது. குரலை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்வாள். "யாரு?" என்பாள். "நான்தாங்க்கா, விசிறி." "வாப்பா." அவ்வளவுதான். மல்லாந்து வந்தாலும் குப்புற வந்தாலும் உள்ளே விட்டுவிடுவாள். அப்போது அவள் வாய் முழுசாகத் திறந்திருந்தது.

கிளிக்கு இதெல்லாம் கொண்டாட்டமாக இருந்தது. அது எடுக்காத குரல் இல்லை. விசிறி போல மேடைப்பேச்சு பேசும்: "பெரியோர்களே, தாய்மார்களே! நான் சுற்றினால் ஊட்டி! நின்றால் உள்ளூர்!" சூட்டுத்தட்டு போல மூக்கைச் சிந்தும்: "என்னை எவன் நினைக்கிறான்? டீ குடிக்கத்தானே என் ஞாபகம்." வாசலில் நிற்கும் பஸ்ஸின் கண்டக்டர் போல, "சாத்தூர், கோயில்பட்டி! ஏறு ஏறு ஏறு!" என்று கத்தும். ஒருநாள் இன்பவல்லியே அதை நம்பி, கைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். மேசையே உருண்டு சிரித்தது.

கிளி மிக அருமையாக எடுத்தது விளக்கின் குரலை. விளக்கைக் குனிஞ்சான் என்று கூப்பிடுவார்கள். புதுசாக வந்தவன், பயந்தவன், கொஞ்சம் திக்குவாய். "அ-அக்கா, நா-நான்தாங்க்கா" என்பதற்குள் பின்னால் நிற்கும் பூ தூங்கிவிழும். கிளி அதையே சொன்னால் எல்லாரும் கைதட்டுவார்கள். குனிஞ்சானும் கூடச் சேர்ந்து சிரிப்பான், கழுத்தை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டு.

ஒருநாள் கடையில் பரீட்சை விண்ணப்பக் கூட்டம். இன்பவல்லி கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லை. யாருக்கும் வரிசை போட வழியில்லை. மாலையில் அவள் டீக்குப் போனபோது எல்லாருக்கும் பசி. குனிஞ்சானுக்குத்தான் அதிகம். முந்தின நாள் கடைசியாக வந்து, பாதியில் எழுப்பிவிடப்பட்டவன் அவன்.

"முதல்ல அவனை விடுங்கப்பா, முகமே மங்கிப் போச்சு" என்றது பூ.

எல்லாரும் விலகினார்கள். குனிஞ்சான் மெல்ல நகர்ந்தான். அதற்குள் கிளி ஒரே தாவு தாவி வாசலக்காவின் முன்னால் போய் நின்றது. மேசையைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டியது.

"யாரு?" என்றாள் வாசலக்கா.

"அ-அக்கா, நா-நான்தாங்க்கா. குனிஞ்சான்."

"வாடா தங்கம், இன்னிக்கு லேட்டாயிடுச்சே" என்று உள்ளே விட்டாள்.

மேசை வெடித்துச் சிரித்தது. குனிஞ்சான் வாசலில் வந்து நின்றான்.

"அ-அக்கா, நா-நான்தாங்க்கா குனிஞ்சான்."

"குனிஞ்சான் உள்ள இருக்கான். நீ கிளிதானே? படவா, அவன் வாசல்லயே வந்து அவன் குரலை எடுக்கிறியா?"

"இ-இல்லக்கா, நெ-நெஜமாவே..."

"ஆ-ஆமாக்கா, அ-அவனை நம்பாதீங்க" என்றது உள்ளிருந்த கிளி.

சூட்டுத்தட்டு சிரித்துச் சிரித்துக் கவிழ்ந்தே விட்டது. விசிறி, "இன்னொரு தடவை! இன்னொரு தடவை சொல்லு!" என்றது. கிளி இன்னொரு தடவை சொன்னது. குனிஞ்சான் இன்னொரு தடவை கூப்பிட்டான். இந்தத் தடவை "அக்கா" மட்டும்தான் வந்தது. கிளி உடனே அதையும் எடுத்தது, அதே மெலிவோடு. அது எடுத்ததிலேயே மிகச் சிறந்தது அதுதான் என்று பூ பிற்பாடு சொன்னது.

'இன்னும் ஒரு சிரிப்பு, பிறகு இறங்கிவிடலாம்' என்றுதான் கிளி நினைத்தது. வெளியே சத்தம் நின்றுபோனது. குனிஞ்சான் கோபித்துக்கொண்டான் என்று நினைத்தார்கள்.

இன்பவல்லி டீ குடித்துவிட்டு வந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. கிளியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு விளக்கை எடுத்துச் சொருகினாள்.

உள்ளே ஒரு வால் வந்தது. சில்லென்று இருந்தது.

"யாரு?" என்றாள் வாசலக்கா.

பதில் இல்லை. விளக்கு எரியவில்லை. இன்பவல்லி உருவி, திருப்பிச் சொருகினாள்.

"யாரு? யாருப்பா அது?"

மறுபடியும் உருவி, மறுபடியும் திருப்பிச் சொருகினாள். அந்த மூன்றாம் தடவைதான் வாசலக்கா அந்த வாலின் முகத்தையும் முதுகையும் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு சின்ன நெளிவு. குனிஞ்சானுக்குத்தான் அந்த நெளிவு.

"ஐயோ, கூப்பிட்டானே! என் புள்ள கூப்பிட்டானே!"

இன்பவல்லி, "சீனா சாமான், இவ்வளவுதான்" என்று விளக்கை மேசை டிராயரில் போட்டு மூடினாள்.

அன்று இரவே வாசலக்கா தன் வாயில் பாதியை ஒரு பிளாஸ்டிக் கட்டியால் அடைத்துக்கொண்டாள். "இனிமே எவன் குரலையும் நான் கேட்க மாட்டேன். முகத்தைக் காட்டு, முதுகைக் காட்டு, மறுபடி முகத்தைக் காட்டு. தடவிப் பாத்துட்டுத்தான் விடுவேன்" என்றாள். அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் எல்லாருக்கும் அப்படித்தான் நடந்தது. கிளியின் முறை வரும்போது அதற்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, நான்தான் கிளி" என்றது. அது விசிறியின் குரலாக வந்தது. "நான்தாங்க்கா!" அது சூட்டுத்தட்டின் குரல். கிளி பதறிப்போய்த் தன் சொந்தக் குரலைத் தேடியது. எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. அப்படி ஒன்று இருந்ததா என்றும் தெரியவில்லை. கடைசியில் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது இது:

"அ-அக்கா..."

மேசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குள் இன்பவல்லி வந்து கிளியைக் கையில் எடுத்தாள். சொருகினாள். ஏறவில்லை. திருப்பினாள். ஏறவில்லை. இன்னொரு தடவை திருப்பியிருந்தால் வாசலக்கா விட்டிருப்பாள்; விடத்தான் காத்திருந்தாள். ஆனால் வெளியே, "சாத்தூர், கோயில்பட்டி! ஏறு ஏறு!" என்று ஒரு குரல் கேட்டது. அது நிஜமான கண்டக்டர். இன்பவல்லி கிளியை டிராயருக்குள் எறிந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கிளி குனிஞ்சான் பக்கத்தில் போய் விழுந்தது. அங்கே அது பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

குரலுக்கு மதிப்பில்லை என்று ஆனபின், மற்ற சாமான்களும் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்திக்கொண்டன.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது: யூ.எஸ்.பி. வாலை எந்தப் பக்கம் வைத்தாலும் முதல் தடவை ஏறாது. திருப்பினாலும் ஏறாது. முதல் பக்கத்துக்கே மறுபடி திருப்பினால் ஏறிவிடும். நாம் எரிச்சலோடு திருப்பிக்கொண்டிருக்கும் அந்த நேரமெல்லாம், உள்ளே இருட்டில் கண்ணில்லாத ஒருத்தி ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கிறாள், அந்தச் சின்ன நெளிவு இருக்கிறதா என்று.