டெய்லர் காசிமின் தொடைத் தசை

உடற்கூறியல் பேராசிரியர் ஆளவந்தார் வகுப்புக்குள் நுழைந்தால் எலும்புக்கூடுகூட எழுந்து நிற்கும் என்று மருத்துவக் கல்லூரியில் சொல்வார்கள். அவர் கண்ணில் ஒருநாள் டெய்லர் காசிம் பட்டுவிட்டார். மாடிப்படிக்கு அடியில் பாய் விரித்துச் சம்மணம் போட்டு, மாணவர்களின் வெள்ளைக் கோட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தசை பேர் தெரியாதவனுக்கு இங்கே என்னய்யா வேலை? இன்னிக்கே காலி பண்ணு!"

காசிம் ஊசியைக் காலரில் குத்தினார். "தெரிஞ்சா இருக்கலாமா சார்?"

"தொடையில ஒரே ஒரு தசையைச் சொல்லு. ஆயுசுக்கும் இருந்துக்கோ!"

கோட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் பத்து வருஷமாகப் பாடத்தை ஒப்பித்தது காசிமின் காதருகேதான். இடுப்பெலும்பின் முனையில் விரலை வைத்தவர், தொடைக்குக் குறுக்கே இழுத்து முழங்காலின் உள்பக்கத்தில் நிறுத்தினார்.

"உடம்பிலேயே நீளமான தசை இதுதான் சார். சார்டோரியஸ்."

கூடியிருந்த மாணவர்கள் கைதட்டினார்கள். ஆளவந்தாருக்கு முகம் சிவந்தது. "கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சா ஆச்சா? அர்த்தம் சொல்லு பார்ப்போம்!"

"லத்தீன்ல டெய்லர்னு அர்த்தம் சார். நாங்க சம்மணம் போட்டுத் தைக்கிறதைப் பார்த்து வெச்ச பேராம்." காசிம் ஊசியைத் திரும்பக் கையில் எடுத்தார். "உங்க தொடையிலயும் ஆளுக்கு ஒரு பக்கமா ரெண்டு டெய்லர் உக்காந்திருக்கானுங்க. நான் காலி பண்ணணும்னா முதல்ல அவனுங்களைக் காலி பண்ணச் சொல்லுங்க சார்."