முதல் வரிசை நாற்காலிகள்

"மேடம், நான் எதுல தோத்தேன்?" என்று கேட்டார் ஜபருல்லா.

"முதல் வரிசையில" என்றார் தாட்சாயணி.

கல்லூரிக் கலையரங்கம் காலியாகிக் கிடந்தது. சிறப்பு விருந்தினர் சால்வையோடு கிளம்பிவிட்டார். குத்துவிளக்கு அணையவில்லை. மைக் ஒரு தடவைகூடக் கீச்சிடவில்லை. பதாகையில் எழுத்துப்பிழை இல்லை. இந்த மூன்றும் ஒரே நாளில் கூடிவருவது நம் பக்கத்தில் அபூர்வம்.

ஆனால் வெள்ளை உறை மாட்டி ஊதா ரிப்பன் கட்டியிருந்த முதல் வரிசையில் யாரோ வைத்துவிட்டுப் போன கைப்பை மட்டும் உட்கார்ந்திருந்தது.

"அரங்கு நிறைஞ்சுதான் இருந்துச்சு, மேடம்."

"பின்னாடி."

"நம்ம ஊர்ல யாரு முன்னாடி வந்து உக்கார்றா? அது வழக்கம்தானே?"

"உங்க விருந்தாளி யார்கிட்ட பேசினார்?"

ஜபருல்லா யோசித்தார். ஆற்றுக்கு இக்கரையில் நின்று அக்கரை ஆளைக் கூப்பிடுகிறவர் மாதிரிதான் அந்த மனிதர் பேசினார்.

தாட்சாயணி கைப்பையை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"இது யாருதுன்னு பாருங்க. அடுத்த தடவை முதல் வரிசையை நிரப்புங்க. மைக்கில கூப்பிடக் கூடாது. பேரெழுதி ஒட்டக் கூடாது. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரவும் கூடாது."

"அப்புறம் எப்படி மேடம்?"

தாட்சாயணி அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

*

இந்தக் கதையில் குருவுக்கு இன்னும் முப்பது நிறையவில்லை. சீடருக்கு நாற்பது தாண்டிவிட்டது. யாருக்கு 'ஆர்' விகுதி, யாருக்கு 'ஆள்' விகுதி என்பதில் பதவி ஒரு பக்கம் இழுக்கும், வயது மறுபக்கம் இழுக்கும். எல்லாருக்கும் 'ஆர்' போட்டுவிடுவதே வம்பில்லாத வழி.

ஜபருல்லா கூத்தாநல்லூர்க்காரர். பாதி ஆயுளைச் சவூதியின் தமாமில் ஒரு துணிக்கடையில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். மகள் பிறந்தபோது அங்கே இருந்தார். நடந்தபோதும் அங்கே இருந்தார். பல் விழுந்து முளைத்ததையெல்லாம் புகைப்படத்தில்தான் பார்த்தார்.

ஊரில் புதிதாகத் திருமண மண்டபம் கட்டியிருந்த ஹாஜியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "நிகழ்ச்சி மேலாண்மைன்னு காலேஜ்ல ஒரு டிப்ளமோ இருக்காம்ல. அதை வாங்கிட்டு வா. மேனேஜர் நாற்காலி உனக்கு."

வாங்காவிட்டால் மறுபடி தமாம்தான். விசா அனுப்ப மச்சான் தயாராக இருந்தார். மனைவி ஜுலைகாவின் அண்ணன் அவர், தங்கை குடும்பம் பட்டினி கிடந்துவிடும் என்ற கவலை எப்போதும் உண்டு.

வகுப்பில் எல்லாருமே அவர் மகள் வயதைக் கொஞ்சம் தாண்டியவர்கள். 'அங்கிள்' என்றார்கள். முதல் நாள் அவர் பின்கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், கூச்சம் தாங்காவிட்டால் நழுவிவிடலாம் என்று. நழுவ முடியவில்லை. தாட்சாயணிக்குக் கரும்பலகைப் பக்கம் நிற்கும் வழக்கம் இல்லை. வகுப்பின் பின்னால் போய் நின்றுகொண்டு பாடம் நடத்துவார். முன் பெஞ்சுக்காரர்கள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கேட்க வேண்டும். கைப்பேசி நோண்டுபவர்களைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று வகுப்பு நம்பியது. ஜபருல்லாவும் நம்பினார்.

அன்று தாட்சாயணி நடத்திய பாடமும் விசித்திரமானது.

"விழா மேடை. இதுக்கு என்ன அர்த்தம்?"

"விழா நடக்கிற மேடை" என்றாள் மோனிஷா. விகுதி விதியிலிருந்து அவளுக்கு விலக்கு, பதினெட்டு வயதுக்கு 'ஆர்' போட்டால் அவளே சிரிப்பாள்.

"இன்னொரு அர்த்தம்?"

முன் பெஞ்சுக்காரர்கள் திருகிய கழுத்தைத் தடவிக்கொண்டார்கள்.

"விழாத மேடை. ஓடாக் குதிரைங்கிற மாதிரி. இலக்கணம் ரெண்டையும் ஒத்துக்கும். பந்தல்காரர் ரெண்டாவதைப் பார்த்துப்பார். முதலாவதை யார் பார்த்துக்கறது?"

மணி அடித்துவிட்டது.

*

அடுத்து வந்தது புதுமுக மாணவர் வரவேற்பு.

ஜபருல்லா முதல் வரிசையையே தூக்கிவிட்டார். நாற்காலி இருந்தால்தானே காலியாக இருக்கும்?

"செம ஐடியா, அங்கிள்!" என்றாள் மோனிஷா.

தாட்சாயணி வந்து பார்த்தார்.

"முதல் வரிசை எங்கே?"

"எடுத்துட்டேன் மேடம்."

"எடுத்துட்டீங்களா?"

"ஆமா மேடம்."

தாட்சாயணி கையை நீட்டிக் காட்டினார். இரண்டாம் வரிசை முதல் வரிசையாகி, காலியாக உட்கார்ந்திருந்தது.

*

அதற்கடுத்தது விளையாட்டுப் பரிசளிப்பு. வெயில் கொளுத்தும் மாதம்.

ஜபருல்லா முதல் வரிசைக்கு எதிரே பெரிய மின்விசிறி ஒன்றை வைத்தார். பக்கத்தில் ஜில்லென்று பாதாம் பால். இதற்கு மேல் மனிதனுக்கு என்ன வேண்டும்?

மனிதர்கள் வந்தார்கள். பாதாம் பாலை வாங்கிக்கொண்டு பின்வரிசைக்குத் திரும்பினார்கள். கைப்பந்து அணியிலிருந்த நெட்டையன் ஒருவன் போகிற போக்கில் விசிறியை மேடைப் பக்கம் பார்க்கத் திருப்பிவைத்தான். அந்தக் காற்றில் பதாகையின் ஒரு முனை அவிழ்ந்து, வாழ்த்திப் பேசிக்கொண்டிருந்த வட்டார அலுவலரின் தலையில் முக்காடு போட்டது.

கைதட்டல் பலமாக இருந்தது. அந்தப் பருவத்தில் வேறெதற்கும் அவ்வளவு கைதட்டல் விழவில்லை.

"பாதாம் பால் நல்லாருந்துச்சு" என்றார் தாட்சாயணி.

மதிப்பெண் போடவில்லை.

*

"இது ஆகாத காரியம் மேடம்" என்றார் ஜபருல்லா. "ஜனங்களைத் திருத்தணும்னா அதுக்கு வேற காலேஜ்ல சேரணும். நான் மச்சானுக்குப் போன் பண்ணிட்டேன். சனிக்கிழமைக்குள்ள பதில் கேக்குறார்."

"சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கே."

"அதுவும் இப்படித்தான் ஆகும்."

தாட்சாயணி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முதல் நாள் வகுப்பில எங்கே உக்காந்தீங்க, ஜபருல்லா சார்?"

"கடைசியில."

"ஏன்?"

"என்ன மேடம், தெரியாத மாதிரி. பிள்ளைங்களுக்கு நடுவுல தாடியும் கண்ணாடியுமா ஒரு ஆளு. கதவுப் பக்கமா இருந்தா, முடியலைன்னா எந்திரிச்சுப் போயிடலாம்னு."

"போனீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

ஜபருல்லா வாயைத் திறந்தார். தாட்சாயணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம்."

*

சனிக்கிழமை.

கல்லூரிப் படிவத்தில் 'பாதுகாவலர்' என்று ஓர் இடம் உண்டு. ஜபருல்லா அதில் ஜுலைகாவின் பெயரை எழுதியிருந்தார். ஆகையால் கணவருடைய படிப்பைப் பற்றி விசாரிக்க மனைவி புறப்பட்டு வந்தார்.

"ஏங்க, உங்களைப் பத்தி மேடம் ஏதாவது குறை சொன்னா நான் என்ன சொல்லட்டும்?"

"வீட்டுல கண்டிச்சு வைக்கிறேன்னு சொல்லு."

"அண்ணன் போன் பண்ணுவாங்க. என்ன சொல்ல?"

ஜபருல்லா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். முதல் வரிசைக்கு ரிப்பன் கட்டப் போய்விட்டார்.

பெற்றோர்கள் வந்தார்கள். வயலிலிருந்து நேராக வந்தவர், துணி தைக்கிற வேலையை நிறுத்திவிட்டு வந்தவர், கல்லூரி வாசலை வாழ்நாளில் முதல் தடவை மிதித்தவர். செருப்பை வெளியே விடுவதா வேண்டாமா என்று சிலர் தயங்கினார்கள். எல்லாரும் பின்கதவு வழியாக நுழைந்து, கண்ணில் பட்ட முதல் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பின்னாலிருந்து அரங்கு நிரம்பிக்கொண்டே வந்தது. பாதியில் நின்றுவிட்டது. வேதாரண்யம் பக்கத்துப் பெற்றோரை ஏற்றிவரும் பேருந்து வழியில் எங்கோ நின்றுவிட்டதாகத் தகவல் வந்து, தாட்சாயணி வாசலில் காத்திருந்தார்.

மேடையில் கல்லூரி முதல்வர் உட்கார்ந்திருந்தார். கையில் தட்டச்சு செய்த உரை.

ஜபருல்லா மைக்குக்கு முன்னால் நின்றார். எதிரே ஊதா ரிப்பன்கள். அதற்குப் பின்னால் காலி வரிசைகள். அதற்கும் பின்னால், வெகு தூரத்தில், முகங்கள்.

கடைசி வரிசையில், பின்கதவை ஒட்டிய நாற்காலியில், நுனியில் உட்கார்ந்திருந்தார் ஜுலைகா. பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு கால் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

ஜபருல்லாவுக்கு அந்த உட்காருதலைத் தெரியும். அந்தக் காலைத் தெரியும்.

முதல் நாள் வகுப்பு. கதவுக்கும் தனக்கும் நடுவில் தாட்சாயணி. கைப்பேசி பிடிக்க வந்தவர் என்று நினைத்தாரே, அந்தப் பருவம் முழுக்க அவர் ஒரு கைப்பேசியையாவது பிடித்ததுண்டா?

ஜபருல்லா மைக்கைத் தண்டோடு தூக்கினார்.

"அங்கிள்! எங்க போறீங்க? மேடை இங்க இருக்கு!" மோனிஷா அடிக்குரலில் அலறினாள்.

"அது விழா மேடைம்மா. அங்கேயே நிக்கட்டும்."

படியிறங்கினார். நடுப்பாதையில் நடந்தார். கம்பி பின்னால் ஊர்ந்து வந்தது. மோனிஷா ஓடிவந்து அது நாற்காலிக் கால்களில் சிக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அரங்கத்தின் தலைகளெல்லாம் அவரோடு சேர்ந்து திரும்பின.

பின்கதவைச் சாத்தி, அதற்கு முன்னால் தண்டை ஊன்றினார்.

யாரையும் கூப்பிடவில்லை. நின்றார்.

முதலில் எழுந்தவர் ஜுலைகா. புருஷனை ஒரு பார்வை பார்த்தார். தமாமிலிருந்து வந்த முதல் விடுமுறையில் விமான நிலையத்தில் பார்த்த பார்வை அது. பிறகு நாற்காலியைத் தூக்கி, அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

பக்கத்து நாற்காலி திரும்பியது. அதற்குப் பக்கத்தது. அப்புறம் பிளாஸ்டிக் கால்கள் தரையில் இழுபடும் சத்தம் அரங்கு முழுவதும் எழுந்தது.

முதல்வர் என்றால் முதலில் இருப்பவர் என்று பொருள். தாம் கடைசியாகிவிட்டதை அவர் கொஞ்ச நேரம் கழித்தே உணர்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கி, நடுப்பாதையில் நடந்து, மைக்குக்கு வந்து சேர்ந்தார். உரையைப் பிரித்தார்.

"பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களே..."

"ஐயா" என்றார் முதல் வரிசையில் இருந்த ஒருவர். சட்டையில் சேறு காய்ந்திருந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் அவருக்கு மைக் தேவைப்படவில்லை. "குறுக்கே பேசுறேன்னு நெனைக்கக் கூடாது. எம்பொண்ணு விசேஷம் நடத்துற படிப்பு படிக்கிறேங்கிறா. விசேஷம் நாங்கதான் காலங்காலமா நடத்துறோமே. அதுல படிக்க என்ன இருக்கு?"

அரங்கு சிரித்தது. கேட்டவரும் சிரித்தார். ஆனால் அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

முதல்வர் உரையைப் பார்த்தார். அதில் இதற்குப் பதில் இல்லை. மடித்துப் பையில் வைத்தார்.

"உங்க பேரென்ன?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அங்கே சொற்பொழிவு எதுவும் நடக்கவில்லை. பேச்சு நடந்தது. தையல்கார அம்மா ஒருவர் விடுதிச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதற்கு முதல்வரே தலையில் கைவைத்துக்கொண்டார். மோனிஷாவின் அப்பா, மகள் வீட்டில் ஒரு தட்டைக்கூட எடுத்துவைப்பதில்லை என்று முறையிட்டார். மோனிஷா கம்பிக்குப் பின்னால் ஒளிய முயன்றாள். கம்பி போதவில்லை.

ஜுலைகாவின் மடியில் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் அண்ணன் பெயர். ஜபருல்லா பார்த்துவிட்டார். ஜுலைகா அவர் பார்ப்பதைப் பார்த்தார்.

எடுக்கவில்லை. கைப்பேசியைப் பையில் போட்டு, பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் வேதாரண்யம் பேருந்து வந்து சேர்ந்தது.

பின்கதவு சாத்தியிருந்ததால், வந்தவர்கள் மேடையை ஒட்டிய பக்கக் கதவு வழியாக நுழைந்தார்கள். தாமதமாக வந்தவர்களுக்கே உரிய பதுங்கல் நடை. தூரத்தில், அரங்கின் மறுகோடியில் யாரோ பேசிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. நல்லவேளை என்று, இருப்பதிலேயே கடைசி வரிசையாகப் பார்த்து, நாற்காலிகளைச் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள்.

வெள்ளை உறை மாட்டி ஊதா ரிப்பன் கட்டிய நாற்காலிகள் எல்லாம் நிரம்பின. இடம் போதாமல் மீதிப் பேர் அடுத்த வரிசைக்குப் போனார்கள்.

கடைசியாக நுழைந்தவர் தாட்சாயணி. பேருந்துப் புழுதி புடவையில் இருந்தது. அரங்கத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை பார்த்தார். ரிப்பன் வரிசையில் உட்கார இடம் இல்லை. காலியாகக் கிடந்த மேடையின் விளிம்பில் ஏறி, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்.

ஜபருல்லா சுவரோரமாக நடந்து அவரிடம் வந்தார்.

"என்ன சார்," என்றார் தாட்சாயணி, "முதல் வரிசை நிறைஞ்சுதா?"

ஜபருல்லா அந்தக் கோடியைப் பார்த்தார். அப்புறம் இந்தக் கோடியைப் பார்த்தார்.

"எந்த முதல் வரிசையைக் கேக்குறீங்க, மேடம்?"