நான்காவது குருகு

"டீச்சர், பத்தொன்பது நாள். ஒரு குருகின்ரை இறகைக்கூடக் காணேல்லை. நீங்கள் மூண்டு நிக்குது எண்டுறியள். ஆர் சொன்னது மூண்டெண்டு?"

"அதுகள்தான் சொன்னது," என்றாள் ஆரணி.

கேட்டவர் குகதாசன். வயது நாற்பத்தாறு. லண்டனில் மூவாயிரம் தமிழ்க் கல்யாணங்களை வீடியோ எடுத்தவர். மூவாயிரத்து ஓராவது கல்யாணத்தில், தாலி கட்டும் நேரம் பார்த்து, மண்டபத்து ஜன்னலில் ஒரு ராபின் குருவி வந்து குந்தியது. கமெரா அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நாலு நிமிஷம் குருவி. தாலி இல்லை.

பொம்பிளையின் தகப்பன் என்ன சொன்னார் என்பதை அவருடைய குரலிலேயே செய்து காட்டுவார் குகதாசன். இங்கே எழுத முடியாது.

அன்றோடு கல்யாணத்தை விட்டார். பறவைக்கு வந்தார்.

பதில் சொன்னவள் அவருக்கு வாய்த்த குரு. வயது இருபத்தெட்டு. குருகுப் பறவைகளை எண்ணி நம்பர் போடுவது அவள் உத்தியோகம். யார் எதைக் கேட்டாலும் நாலைந்து சொல்லுக்கு மேல் செலவழிக்க மாட்டாள்.

இடம் இங்கிலாந்தின் கிழக்குக் கரை. ஆறு கடலோடு சேரும் சேற்று நிலம். இரண்டு ஆள் உயரத்துக்கு நாணல். நடுவே ஒரு பலகைப் பாதை. பாதையின் ஒரு முனையில் படம் எடுக்கிறவர் ஒளிந்திருக்கும் மரக் குடில். மறு முனையில் ஆரணி நின்று கேட்கும் பரண்.

ஆம், கேட்கும் பரண். அந்தப் பறவையைப் பார்க்க முடியாது. பிட்டர்ன் என்பார்கள் வெள்ளைக்காரர். நம்முடைய குருகின் ஒன்றுவிட்ட சகோதரம். நாணல் நிறம். கழுத்தை மேலே நீட்டி நின்றால் அதுவும் ஒரு நாணல். காற்றடித்தால் நாணலோடு சேர்ந்து ஆடும். அவ்வளவு கள்ளம்.

ஆனால் வசந்த காலத்தில் ஆண் குருகு கூப்பிடும்.

ப்பூம்.

வெறும் போத்தலின் வாயில் ஊதினால் வருமே, அதே சத்தம். மூன்று மைல் போகும்.

"எல்லாம் ஒரே பூம்தானே டீச்சர். எப்பிடிப் பிரிக்கிறியள்?"

"பூமை விடுங்கோ. அதுக்கு முன்னாலை எடுக்கிற மூச்சைக் கேளுங்கோ."

பெரிய சட்டி போன்ற ஒரு மைக் அவளிடம் இருந்தது. ஹெட்போனை அவர் காதில் மாட்டி, சட்டியை நாணலுக்குத் திருப்பினாள். க்ளுக், க்ளுக், க்ளுக். பிறகு ப்பூம்.

"மூண்டு தரம் விழுங்கினால் ரெண்டாம் நம்பர்," என்றாள்.

குகதாசனுக்கு மூச்சு கேட்கவில்லை. பூம் கேட்டது. அது அவருக்கு உடனே பாடமாகிவிட்டது; பிறகு கேட்ட மற்ற இரண்டு குருகுகளின் பூமும்.

அவருக்கு எந்தக் குரலும் உடனே பாடமாகும். ஐயர், மேளகாரர், மாப்பிள்ளையின் மாமி, கார் நிறுத்துமிடத்துக் காவலாளி, எல்லாரும் அவருடைய தொண்டைக்குள் வாடகை இல்லாமல் குடியிருந்தார்கள். சத்தம் இல்லாத இடம் அவருக்கு ஆகாது. அப்போது ஒருவரை வெளியே கூப்பிட்டு விடுவார். குடிலுக்குள் தனியே இருந்த பத்தொன்பது நாளும், "பந்தியிலை ஆர் அது ரெண்டாம் தரம் இருக்கிறது?" என்று மாமி மெல்லிய குரலில் அதட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆரணியின் சட்டங்கள் இரண்டே இரண்டு.

குருகு கூப்பிட்டால் அசையக் கூடாது.

பலகையை விட்டு இறங்கவே கூடாது.

"இறங்கினால்?"

அவள் நீண்ட கழி ஒன்றை எடுத்துப் பலகை ஓரத்தில் சேற்றுக்குள் விட்டாள். கழி போனது. போய்க்கொண்டே இருந்தது. கையை எடுத்தாள். கழி இல்லை.

குகதாசன் சிரிக்கவில்லை.

*

பத்தொன்பதாம் நாள் பின்னேரம். குடிலுக்குள் தேத்தண்ணி முடிந்தது. ஃபிளாஸ்க் வெறுமை. நாணல் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றது.

அந்த அமைதி அவருடைய முதுகில் ஊர்ந்து ஏறியது. மாமியைக் கூப்பிட்டார். மாமி வரவில்லை.

ஃபிளாஸ்க்கின் வாயில் உதட்டை வைத்தார்.

ப்பூம்.

தூரத்துப் பரணில் சட்டி மைக் மெல்லத் திரும்பியது. ஆரணி குனிந்தாள். கொப்பியில் எழுதினாள்!

குகதாசன் தன் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பொழுதுபட, ஆரணியின் வான் வண்டிக்குள் உட்கார்ந்து, முகத்தை ஐயர் மாதிரி வைத்துக்கொண்டு கேட்டார். "இண்டைக்கு எத்தினை டீச்சர்?"

"நாலு."

அவள் ஊற்றித் தந்த தேத்தண்ணி அவருக்கு மூக்கால் வந்தது.

"நாலாவது எப்பிடி? நல்ல வடிவான குரலோ?"

"குரல் நல்லது. மூச்சு சரியில்லை."

"ஏன், வருத்தமோ?"

"பயம்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அவருக்கே தெரியவில்லை.

"குருகுக்கு என்ன பயம், டீச்சர்?"

ஆரணி அவருடைய ஃபிளாஸ்க்கை எடுத்தாள். மூடியை இறுக்கித் திருகினாள். அவர் மடியில் வைத்தாள்.

*

மறுநாள் கடைசி நாள். படம் எடுக்கும் அனுமதி அன்றோடு சரி. பத்து செக்கன் குருகு கிடைத்தால் அவர் பறவைப் படக்காரர். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை ஈலிங்கில் ஒரு பூப்புனித நீராட்டு விழா வீடியோ.

மூன்றரை மணிக்கு, குடிலுக்கு வெளியே, பத்துப் பதினைந்து அடி தூரத்தில்:

ப்பூம்.

மரச் சுவர் அதிர்ந்தது. அவருடைய நெஞ்சும்.

நாணல் ஒரு இடத்தில் விலகி விலகி மூடியது. அது நடக்கிறது. பாதையை விட்டு நாணலின் உள்ளே நடந்து போகிறது.

குகதாசன் யோசித்தார். யோசித்தார் என்று சொல்வது மரியாதைக்கு. வோக்கிடோக்கி திடீரென்று கரகரத்தால் பறவை பறந்துவிடும். அதைக் கழற்றித் தான் குந்தியிருந்த வாங்கில் வைத்தார். போனையும் வைத்தார். சின்னக் கமெராவை எடுத்தார். தோளில் ஃபிளாஸ்க் தொங்கியது. அதைக் கழற்ற மறந்தார்.

பலகையை விட்டு இறங்கினார்.

முதல் அடி தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. எட்டாவதும் தாங்கியது.

ஒன்பதாவது அடியில் நிலம் வாயைத் திறந்தது.

தொடை வரைக்கும். ஒரு காலை இழுத்தார். மற்றக் கால் இன்னும் கீழே போனது. அதை இழுத்தார். முதல் கால் போனது. கமெரா கையை விட்டு நழுவியது. சேறு அதை ஒரு 'பொளக்' சத்தத்தோடு ஏற்றுக்கொண்டது.

அசையாமல் நின்றார். நின்றபோதுதான் தண்ணீரைப் பார்த்தார். வரும்போது இல்லாத தண்ணீர். கடல் ஏறி ஆற்றுக்குள் வர, ஆறு நாணலுக்குள் வருகிறது. ஒவ்வொரு நாணல் தண்டிலும் நேற்றைய வெள்ளம் ஒரு சேற்றுக் கோடு விட்டுப் போயிருந்தது.

அந்தக் கோடு அவருடைய மூக்குக்கு நேரே இருந்தது.

"டீச்சர்!"

காற்று எதிர்க் காற்று. நாணல் சளசளவென்று இரைந்தது. அவருடைய குரல் பத்தடி போய் அறுந்து விழுந்தது.

"டீச்சர்! ஆரணி! பிள்ளை!"

நாணல் இடுக்கால் பரண் தெரிந்தது. அவளுடைய சிவப்புத் தொப்பியும் தெரிந்தது. கையை உயர்த்தி ஆட்டினார். ஆயிரம் நாணல் தலையாட்டும் இடத்தில் ஒரு கை ஆடுவது யாருக்குத் தெரியும்?

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஏப்ரல் மாதத்துக் கடல் தண்ணீர். குளிர் எலும்பைத் தொட்டுப் பார்த்தது.

அப்போது தோளில் எதுவோ இடித்தது. ஃபிளாஸ்க்.

விறைத்த விரலால் மூடியைத் திருகினார். இறுக்கமாக இருந்தது. பல்லால் கடித்துத் திறந்தார். உள்ளே இருந்த தேத்தண்ணியைக் கொட்டினார். ஊதினார்.

ப்பூம்.

ரெண்டாம் நம்பர். அச்சு அசல்.

பரணில் சட்டி மைக் திரும்பியது. அவரைப் பார்த்து நின்றது. சிவப்புத் தொப்பி குனிந்தது. எழுதுகிறாள்.

எழுதுகிறாள்!

அப்போதுதான் குகதாசனுக்கு விளங்கியது. குருகு கூப்பிட்டால் அசையக் கூடாது. அவர் எவ்வளவு திறமாக ஊதுகிறாரோ, அவள் அவ்வளவு திறமாக அசையாமல் நிற்பாள்.

ஒன்றாம் நம்பரை ஊதினார். எழுதினாள். மூன்றாம் நம்பரை ஊதினார். எழுதினாள். மறுபடியும் ரெண்டாம் நம்பர். அவள் குடில் பக்கம் பார்த்து ஒரு கையை மேலே உயர்த்தினாள். 'ஒருத்தரும் அசையாதேங்கோ' என்று தன்னிடம்தான் சொல்லுகிறாள் என்று நினைத்தார். அசைய அவருக்கு எங்கே வழி?

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

பயம் தாங்காமல் ஐயரைக் கூப்பிட்டார். ஐயர் வந்தார். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நல்ல நேரம் இன்னும் இருக்கு," என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமியைக் கூப்பிட்டார். "இந்த மனிசன் ஏன் தண்ணிக்கை நிக்குது?" என்றாள். அவளும் போனாள். காவலாளி, மேளகாரர், ரேடியோ அறிவிப்பாளர், பொம்பிளையின் தகப்பன், ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி ஆகிவிட்டது தொண்டை.

ஒருவரும் இல்லை.

நாணல் இரைச்சலுக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. க்ளுக். க்ளுக். விழுங்குகிற சத்தம். குருகு என்று நினைத்தார்.

அவருடைய மூச்சுதான் அது.

தண்ணீர் முகவாயைத் தொட்டது. ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்து, முகத்தை வானத்துக்குத் திருப்பி, உதட்டை வைத்தார். உதடு நிற்கவில்லை. எந்த நம்பரை ஊதுவது என்று நினைவு வரவில்லை. மூச்சை இழுத்தார். அது துண்டு துண்டாக உள்ளே போனது. துண்டு துண்டாகவே வெளியே வந்தது.

பூம் வரவில்லை. எந்தப் பறவையும் அப்படிக் கத்தாது. எந்தக் கல்யாணத்திலும் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

பரணைப் பார்த்தார்.

சிவப்புத் தொப்பியைக் காணவில்லை.

போய்விட்டாள்.

கண்ணை மூடினார்.

தட தட தட தட தட. பலகை. பலகைமேல் ஓடுகிற கால்.

*

ஒரு நீளப் பலகையைத் தண்ணீரின் மேல் தள்ளி, அதன்மேல் குப்புறப் படுத்து, கயிற்றை அவருடைய அக்குளுக்குள் கொடுத்து, முகம் தண்ணீருக்கு மேலே நிற்க இறுக்கி, ஆரணி அவரை இழுத்தெடுக்க அரை மணித்தியாலம் ஆனது. இரண்டு சப்பாத்தும் சேற்றோடு நின்றுவிட்டன.

வானுக்குள் மூன்று போர்வை சுற்றி இருத்தினாள். பல் கிட்டியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது.

"டீச்சர். ஒண்டு சொல்லவேணும். நேற்று வந்த நாலாவது குருகு..."

ஆரணி கொப்பியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

நேற்றைய பக்கம். நான்காவது என்ற இடத்துக்கு நேரே: குகதாசன் அண்ணை. ஃபிளாஸ்க்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு இன்றைய பக்கத்தைத் திருப்பினார். விரல் ஈரம் தாளில் ஊறியது.

4.10. அண்ணை, ரெண்டாம் நம்பர் மாதிரி. நல்லாச் செய்யிறார்.

4.14. அண்ணை, ஒண்டாம் நம்பர்.

4.17. அண்ணை, மூண்டாம் நம்பர். கடைசி நாளெண்டு எல்லாத்தையும் செய்து காட்டுறார்.

4.21. திரும்பவும் ரெண்டு. நானும் குடில் பக்கம் கை காட்டினன்.

அதற்குக் கீழே 4.33. அதற்கு நேரே எழுத்து ஒன்றும் இல்லை. பேனா வைத்த இடத்தில் ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, பக்கத்தைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு, ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தது.

குகதாசன் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன, டீச்சர்? இதிலை ஏன் ஒண்டும் எழுதேல்லை?"

"எழுத நேரமில்லை," என்றாள் ஆரணி. "நீங்கள் கூப்பிட்டனீங்கள்."