கயிற்றின் நீண்ட வால்

யவன நாட்டுக் கடற்கரையில் ஒரு நகரம் இருந்தது. அதன் சபை மேடையில், ஓர் ஆணியில் ஒரு கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றின் ஒரு முனையில் சுருக்கு. மறு முனையில் வால். வால் ரொம்ப நீளம். அவிழ்த்துவிட்டால் மேடையை விட்டு இறங்கி, ஜனங்கள் உட்காரும் புல்வெளியின் கடைசி வரைக்கும் போகும்.

நகரத்தின் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால், அவன் அந்தச் சுருக்கைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பேச வேண்டும். பேசி முடித்ததும், மாற்றம் வேண்டாம் என்பவர்கள் எழுந்து வந்து வாலைப் பிடிக்க வேண்டும். சபையில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டால் எல்லோருமாகச் சேர்ந்து இழுக்க வேண்டும். பாதிக்குக் கீழே என்றால் சட்டம் மாறும்.

இன்னொரு விதியும் இருந்தது. கேட்கிற மாற்றத்தால் சொந்த ஆதாயம் உள்ளவன் சுருக்கைத் தொடவே கூடாது. தன் வீட்டுக்காகச் சட்டம் கேட்பவன் ஊருக்கு நல்லவனாக இருக்க முடியாது என்பது முன்னோர் கணக்கு.

சுருக்கு ஒரே ஒரு தரம்தான் இறுகியிருக்கிறது. நகரம் உண்டான புதிதில் நடந்தது அது. அந்த மனிதன் என்ன கேட்டான் என்பது ஊருக்கு மறந்துவிட்டது. கயிற்றுக்கும் மறந்துவிட்டது. அவனுடைய வியர்வை மட்டும் நாரிலேயே நின்றுபோயிற்று. மழைக்காலத்தில் அது கசியும்.

அதன் பிறகு யாரும் வரவில்லை. மேடைச் சுவரில் பதித்திருந்த வெண்கலப் பலகை அதை அடிக்கடி சொல்லிக் காட்டும். நகரத்தின் சட்டங்கள் எல்லாம் அதில்தான் பொறிக்கப்பட்டிருந்தன.

"என்னில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஏன் தெரியுமா? நான் அவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறேன்."

கயிறு அதை நம்பியது. நம்பினால்தான் ஆணியில் நிம்மதியாகத் தொங்க முடிந்தது.

ஒரு நாள் மாலை கடலில் புயல் எழுந்தது. காலையில் மீன் பிடிக்கப் போன படகுகள் இன்னும் திரும்பவில்லை. மேட்டில் ஏறிப் பார்த்தால் மூன்று பாய்கள் தூரத்தில் தெரிந்தன, தெரிந்தன, மறைந்தன. பலகையிலோ இப்படி ஒரு சட்டம் இருந்தது: சூரியன் கடலைத் தொட்டதும் துறைமுக வாயை அடைக்கும் இரும்புச் சங்கிலியைத் தண்ணீருக்கு மேலே ஏற்ற வேண்டும், விடியும் வரை யாருக்காகவும் இறக்கக் கூடாது.

படகுகள் சூரியனுக்கு முன்னால் வந்து சேராது. குழந்தைக்கும் அது தெரிந்தது.

அப்போது ஒருவன் மேடையேறி ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தான். கை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. கயிறு திடுக்கிட்டது. இத்தனை காலத்தில் தூசி தட்டக்கூட அதை யாரும் தொட்டதில்லை.

கயிறு ஆணியை விட்டு இறங்கினால் சபை கூடியே ஆக வேண்டும். கூடியது. சுருக்கை மாட்டிக்கொண்டு நிற்பவனைப் பார்த்ததும் கூட்டத்தில் சிரிப்பு.

"அட, நம்ம எண்ணெய்க்கார ஹெர்மோன்!"

"யோவ் ஹெர்மோன், விளக்குக்கு எண்ணெய் ஊத்தத்தானே உன்னைக் கூப்பிடுவாங்க. சட்டத்துக்கு யாருய்யா கூப்பிட்டது?"

கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். படகுக்காரர்களின் பெண்டாட்டிமார் அவன் கடைக்கு ஓடிவந்து, "எங்க வீட்டு ஆம்பளைங்க பேச முடியாது. பேசினா சொந்த ஆதாயம்னு சொல்லிடுவாங்க. உனக்குத்தான் இந்த ஊரில யாருமே இல்லையே!" என்று அழுதிருந்தார்கள். அப்படி ஒரு தகுதி தனக்கு இருப்பது ஹெர்மோனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுருக்குக்குள் தொண்டை படபடத்தது.

"கொஞ்சம் தள்ளி உட்காரேன். எச்சில் விழுங்க முடியல" என்றது தொண்டை.

"நான் இன்னும் இறுகவே இல்லையே" என்றது கயிறு.

"இறுகாமலே இப்படின்னா, இறுகினா எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும் என்று கயிற்றுக்குத் தெரியும். அதனால் பேச்சை மாற்றியது.

"இவ்வளவு பயமா இருக்கும்னா நீ ஏன் வந்தே?"

"நானா வந்தேன்? இவன் கூட்டிட்டு வந்தான். நீ மட்டும் நீயாவா வந்தே?" என்றது தொண்டை. "சும்மா இரு. பேசணும்."

ஹெர்மோன் பேசினான். நன்றாகப் பேசவில்லை. பாதி வார்த்தையைக் காற்று கொண்டுபோயிற்று. ஆனால் கேட்டது சின்ன விஷயம்.

"சங்கிலி வேண்டாம்னு நான் சொல்லல. இருக்கட்டும். புயல் அடிக்கிற அன்னிக்கு மட்டும், ஒரு ஓடத்தில பந்தத்தோட ரெண்டு பேரை அனுப்பி, வந்திருக்கிறவங்க முகத்தைப் பார்த்துட்டு, நம்ம ஆளுன்னா இறக்குங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

சட்டத்தின் பக்கம் நின்று பேசக் கிளாக்கோஸ் எழுந்தார். நகரத்தில் அவரைப் போலப் பேச ஆள் கிடையாது. எதிர்த்துப் பேசுகிறவருக்குச் சுருக்கு கிடையாது என்பதால் அவருக்கு அவசரமும் கிடையாது. மேலாடையைச் சரிசெய்துகொண்டு, கூட்டம் அமைதியாகும் வரை காத்திருந்தார்.

"முன்னொரு நாள், இதே மாதிரிப் புயலில், துறைமுக வாயில் குரல் கேட்டது. 'திறங்க, நாங்க உங்க பிள்ளைங்க!' என்றது. நம் முன்னோர் திறந்தார்கள். விடியும்போது பாதி ஊர் சாம்பல். பயத்தில் பிள்ளையின் குரலும் கொள்ளைக்காரன் குரலும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அதனால்தான் அவர்கள் சட்டத்துக்குக் காது வைக்கவில்லை. ஹெர்மோன் இன்றைக்கு அதற்கு ஒரு காது வைக்கச் சொல்கிறான். நாளைக்கு ஒருவன் வந்து வாய் வைக்கச் சொல்வான். அப்புறம் அது சட்டமா, சந்தையா?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. கயிற்றுக்கே அவர் சொல்வது நியாயமாகப் பட்டது. அதுதான் அதற்குப் பயமாக இருந்தது.

கிளாக்கோஸ் பேசிக்கொண்டே போனார். சூரியனும் போய்க்கொண்டே இருந்தது.

கயிறு மெதுவாகச் சுவர்ப் பக்கம் கேட்டது: "பலகையே, இன்னிக்கு நான் என்ன பண்ணணும்?"

"இதில் கேட்க என்ன இருக்கிறது? கத்தியின் அறம் வெட்டுவது. பானையின் அறம் ஒழுகாமல் இருப்பது. உன் அறம் இறுகுவது. செய்வதைத் திருந்தச் செய். நீ நல்ல கயிறு."

"யாரை இறுக்குறேன்னு கேக்க வேண்டாமா?"

"கேட்பது உன் வேலை இல்லை. என் வேலை."

"சரி. நீ கேட்டியா?"

"என்மேல் எழுதியிருப்பதை நானே எப்படிக் கேட்பது?" என்றது பலகை. அதன் குரலில் முதல் தடவையாக வெண்கலம் இல்லை.

சபைத் தலைவர் கையைத் தூக்கினார். "வேண்டாம் என்பவர்கள் வாலைப் பிடிக்கலாம்."

புல்வெளியில் யாரும் அசையவில்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். பிறகு ஒருவன் எழுந்தான். வந்து, மேடைக்கு மிக அருகில், முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்தான். அவன் பெயர் தோவாஸ். குயவன். கைரேகைகளில் எல்லாம் காய்ந்த மண்.

கயிறு அந்தக் கையைப் படித்தது. படித்ததும் அதற்குக் குழப்பமாகிவிட்டது. அந்தக் கை ஹெர்மோனின் தொண்டையை விட அதிகமாக நடுங்கிற்று.

"என்னப்பா தோவாஸ், உன் தம்பி படகிலேதானே போயிருக்கான்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்.

"அதனாலதான் பிடிக்கிறேன்" என்றான் தோவாஸ், திரும்பிப் பார்க்காமல். "நான் பிடிக்கலைன்னா நாளைக்கு என்ன சொல்லுவீங்க? தம்பிக்காக ஊரை வித்துட்டான்னு சொல்லுவீங்க."

அவனுக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். அவருடைய மகன் படகில் இருந்தான். அடுத்து வந்தவனுக்கு மச்சான். அதற்கடுத்து அப்பாவும் பெரியப்பாவும். படகில் ஆள் இருந்தவர்கள்தான் முதலில் வந்தார்கள், முந்திக்கொண்டு வந்தார்கள். தாங்கள் நல்ல குடிமக்கள் என்று காட்ட அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. மற்றவர்கள் அதைப் பார்த்தார்கள். சொந்தக்காரர்களே பிடிக்கும்போது நமக்கென்ன என்று அவர்களும் எழுந்து வந்தார்கள்.

கயிறு முழுக்கக் கைகள். வால் முனை வரைக்கும் கைகள். தலைவர் எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"பாதிக்கு மேல்" என்றார். "இழுக்கலாம்."

தொண்டை கண்ணை மூடுவது போல மூடிக்கொண்டது. "இரு, ஒரு நிமிஷம். நீ அறுந்துபோக முடியாதா?" என்றது.

"முடியும்னுதான் நினைக்கிறேன். பழைய நார்தான்" என்றது கயிறு. "ஆனா நான் அறுந்தா வேற கயிறு கொண்டுவருவாங்க. அது உன்கிட்ட பேசாது."

யாரும் இழுக்கவில்லை.

"இழுங்கள்!" என்றார் தலைவர்.

கைகள் பிடித்தபடியே இருந்தன. பக்கத்துக் கை இழுக்கட்டும் என்று ஒவ்வொரு கையும் காத்திருந்தது. அத்தனை பேர் பிடித்தும் கயிறு தொய்ந்தே கிடந்தது.

"என்ன நிக்கறீங்க? சட்டம் சொல்லுது, இழுங்க!" என்று கத்தினார் கிளாக்கோஸ்.

"நீங்க வந்து பிடிங்க ஐயா முதல்ல" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். "வெறும் வாய் எவ்வளவு நேரம் இழுக்கும்?"

யாரோ சிரித்தார்கள். சிரித்தவர்களே உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

ஹெர்மோன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சூரியனுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அவன் குரல் எப்படியோ வெளியே வந்தது.

"தோவாஸ். முன்னால நிக்கிறவன் நீ. ஒண்ணு இழு. இல்ல விடு. ரெண்டும் இல்லாம நிக்காதே. பொழுது போகுது."

தோவாஸின் கை மேலும் இறுகியது. கயிறு அதைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தது. கயிற்றால் இழுபடத்தான் முடியும், இழுக்க முடியாது. விடவும் முடியாது. அந்த இரண்டும் கைக்குத்தான் முடியும். இத்தனை வருஷம் ஆணியில் தொங்கியும் இது அதற்குத் தோன்றியதில்லை.

சூரியன் கடலைத் தொட்டது. கீழே துறைமுகத்தில் உருளை சுற்றும் சத்தம் கேட்டது. இரும்பு ஒவ்வொரு கண்ணியாகத் தண்ணீரிலிருந்து மேலே வந்தது.

அந்தச் சத்தத்தில் தோவாஸின் விரல்கள் திறந்தன. அவன் திறந்ததாகத் தெரியவில்லை, அவை திறந்துகொண்டன. அவனுக்குப் பின்னால் இருந்தவரும் விட்டார். அதற்குப் பின்னால் இருந்தவனும். வால் மேடையிலிருந்து புல்வெளி வரைக்கும் பொத்தென்று தரையில் விழுந்தது. கடைசியில் ஏழெட்டுக் கைகள் மட்டும் என்ன நடந்தது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றன.

"பாதிக்குக் கீழே" என்றார் தலைவர். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "சட்டம் மாறியது."

ஜனங்கள் துறைமுகத்துக்கு ஓடினார்கள். பந்தம் கொளுத்தினார்கள். ஓடம் போயிற்று, முகம் பார்த்தது, கை காட்டியது. சங்கிலியை ஏற்றுவதைப் போல அதை இறக்குவது சுலபமாக இல்லை. இறக்கிப் பழக்கமில்லாத உருளை சண்டித்தனம் பண்ணியது. இரண்டு படகுகள் உள்ளே வந்தன. மூன்றாவது படகைப் பாதி இறங்கிய சங்கிலியின் மேலேயே அலை தூக்கிப் போட்டது. அதில் இருந்தவர்கள் யாரும் கரை ஏறவில்லை.

ஹெர்மோன் மேடையில் தனியாக உட்கார்ந்து சுருக்கைக் கழற்றினான். கழுத்தில் கோடுகூட விழவில்லை. கயிறு யாரையும் இறுக்கவில்லை. ஆனாலும் ஆணிக்குத் திரும்பிய பிறகு, தான் ஒருவனைக் கொன்றுவிட்டது போலவே அதற்கு இருந்தது. கிளாக்கோஸ் பேசிய நேரமும், கைகள் பிடித்துக்கொண்டு நின்ற நேரமும் தன் மேல்தானே கழிந்தன என்று யோசித்தது. பலகையைக் கேட்கவில்லை. அதன்மேல் ஒரு வரி புதிதாகப் பொறிக்கப்பட்டு, அந்த இடம் மட்டும் கண் கூசப் பளபளத்தது.

மறுநாளுக்கு மறுநாள் காற்று அடங்கியிருந்தது. மறுபடியும் ஒரு கை ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தது. ரேகைகளில் காய்ந்த மண் இருந்த கை. இந்தத் தடவை அது நடுங்கவில்லை.

சபை கூடியது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. தோவாஸ் சுருக்கைத் தலைவழியாகப் போட்டு, கழுத்தில் தானே சரிசெய்துகொண்டான். சொந்த ஆதாயம் உள்ளவன் பேசக் கூடாது என்ற வரியைப் பலகையிலிருந்து அழிக்க வேண்டும் என்று கேட்கப்போவதாகச் சொன்னான்.

கிளாக்கோஸ் எழுந்தார். "இதில் உனக்கே ஆதாயம் இருக்கிறதே" என்று ஆரம்பித்தார்.

"முந்தாநாள் சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு ஐயா" என்றான் தோவாஸ். "இப்ப இல்ல. பேசலாமா?"