இறங்கியதா, இறக்கியதா?

சோலைமணி கொல்லையில் உட்கார்ந்து, ஜிலேபிக் கெண்டையைத் துவைகல்லில் உரசிச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று ஆலங்கண்மாய் ஊரில் மீன்குழம்பு கொதிக்காத வீடு இல்லை. குழம்போடு சேர்ந்து ஒரு வழக்கும் வீட்டுக்கு வீடு கொதித்தது. அதைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அந்த ஊர்க் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் வருசா வருசம் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டும். கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊரே உள்ளே இறங்கி மீன் பிடிக்கும். ஊர்த்தலைவரான அம்பலக்காரர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் யாரும் இறங்கலாம். போன வருசம் துண்டு முந்திவிட்டது. மீனெல்லாம் போனதும் தாய்ப்பறவைகள் இரையில்லாமல் பறந்துவிட, பறக்கத் தெரியாத குஞ்சுகள் மரத்திலேயே காய்ந்து விழுந்தன. அந்த வாடை ஒரு மாதம் சோற்றில் வந்தது.

அதனால் இந்தத் தை மாதம் ஊர் கூடி, அய்யனார் கோயிலில் ஆளாளுக்குச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தது: "கடைசிக் குஞ்சு கூட்டை விட்டு இறங்குற வரைக்கும் கண்மாய்த் தண்ணியில கால் வைக்க மாட்டோம்."

அப்போது சோலைமணி ஊரில் இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பங்குனியில் கைப்பிள்ளையோடு திரும்பியவளிடம் வனக்காவலர் எஸ்தர் ஒரு நோட்டைக் கொடுத்தார். உன் கொல்லையிலிருந்து பார்த்தால் எல்லா மரமும் தெரிகிறது, பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரத்தில் கூடுகளை எண்ணி எழுது, போதும் என்றார். அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்பு அதற்குத் தாராளம். வாக்கப்பட்டு வந்த ஊரில் அதுவரை அவளிடம் வாய்விட்டுப் பேசியவர்கள் குறைவு. நோட்டு வந்த பிறகு, குடத்தோடு போகிற பெண்கள் வேலியோரம் நின்று, "என்ன நாரைக்காரி, இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஒரு கேள்விக்காக அவள் நாரைகளுக்கு மனசுக்குள் கும்பிடு போடாத நாள் இல்லை.

நூற்றுப் பன்னிரண்டு கூடு அறுபதாகி, ஏழாகி, வைகாசியில் ஒன்றாயிற்று. அந்த ஒன்றில் இருந்த குஞ்சுக்கு இடதுசிறகு முறுக்கிக் கிடந்தது. அது பறக்கப்போவதில்லை. தண்ணீரோ முழங்காலுக்கு வற்றிச் சுட்டது. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. இன்னும் மூன்று நாள் விட்டால் மொத்தமும் அழுகும். அழுகினால், அடுத்த வருசம் நாரைக்காக எவரும் சூடம் அணைக்க மாட்டார். சோலைமணிக்குச் சோறு இறங்கவில்லை.

குஞ்சை எடுக்க வேண்டுமென்றால் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். கால் வைக்க வேண்டுமென்றால் குஞ்சு இறங்கியிருக்க வேண்டும்.

அம்பலக்காரர் சேதுகாளை தோள்துண்டைத் தொடவே இல்லை. மீன் போனால் போகட்டும், சொன்ன சொல் போகக்கூடாது என்று கரையில் உட்கார்ந்துவிட்டார்.

எருமை மேய்க்கும் மாயழகு வேறு கணக்குப் போட்டார். சத்தியம் மனுசக் காலுக்குத்தானே? எருமைமேல் ஏறி, இரண்டு காலையும் அதன் முதுகில் மடித்துவைத்து, கண்மாய்க்குள் ஓட்டினார். பாதித் தூரத்தில் சேற்றைக் கண்ட எருமை சுகமாகப் படுத்துவிட்டது. இடுப்புவரை நனைந்து நின்றவரைப் பார்த்து அவர் பெண்சாதி, "கால் எங்க வச்சாரு? ஆளையேல்ல வச்சுப்புட்டாரு" என்றாள். ஊர் சிரித்தது. அம்பலக்காரர் சிரிக்கவில்லை.

சோலைமணி பிள்ளையை மாமியார் கையில் கொடுத்தாள். மீன்கூடை ஒன்றை எடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"ஏத்தா, ஊர்ச் சத்தியம்" என்று அம்பலக்காரர் எழுந்தார்.

அவள் நிமிரவில்லை. "நான் சூடம் அணைக்கலையே, மாமா. அன்னைக்கு எங்க ஆத்தா வீட்டுலல்ல இருந்தேன்."

அவள் குரலை அன்றுதான் பாதி ஊர் கேட்டது.

தாழ்ந்த கொம்பில்தான் கூடு. முள் கையைக் கிழிக்கக் கிழிக்க, குஞ்சைக் கூட்டோடு பெயர்த்துக் கூடைக்குள் வைத்து, தலையில் சுமந்து கரையேறினாள். துண்டை வீசச்சொல்லி ஊர் அவசரப்பட்டது. அம்பலக்காரர் அசையவில்லை.

"இறங்குற வரைக்கும்னுதான் சொன்னோம். இறக்குற வரைக்கும்னு யாரும் சொல்லலை."

சோலைமணி கூடையை இறக்கினாள். கூட்டைக் கலையாமல் எடுத்து மண்ணில் வைத்தாள். ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த கெண்டை ஒன்றை இரண்டு முழம் தள்ளிப் போட்டுவிட்டு, விலகி உட்கார்ந்தாள். குஞ்சு கழுத்தை நீட்டிப் பார்த்தது. எட்டவில்லை. யோசித்தது. பிறகு நெட்டைக் காலில் ஒன்றைத் தூக்கிக் கூட்டுக்கு வெளியே வைத்தது. மறுகால் மண்ணைத் தொடுவதற்குள் வெள்ளைத் துண்டு காற்றில் பறந்தது.

இப்போது சொல்லுங்கள். மீனே அழுகினாலும் சொல்லைப் பிடித்து நின்ற சேதுகாளை, எருமையேறி வழிதேடிய மாயழகு, கூட்டோடு தூக்கிவந்த சோலைமணி: ஊர்ச் சத்தியத்தைக் காப்பாற்றியது இவர்களில் யார்?

சோலைமணிதான் என்றது ஊர். வேலியோரம் வந்து நின்ற மாயழகின் பெண்சாதிகூடப் புருசனை விட்டுக்கொடுத்து அப்படித்தான் சொன்னாள். மீனை அலசிக்கொண்டே சோலைமணி இல்லையென்று தலையாட்டினாள். கட்டுப்பட்டவர்தானே ஒரு சத்தியத்தைக் காக்க முடியும்? அவள் கட்டுப்படவே இல்லை. மாயழகு கட்டுப்பட்டவர்தான், ஆனால் சந்து தேடினார், அதிலும் நனைந்தார். அம்பலக்காரர் அந்த ஒரே எழுத்தில் அடம்பிடித்து நின்றதால்தான், 'குஞ்சு தன் காலால் இறங்கியது' என்று நோட்டில் எழுத அவளுக்கு வாய்த்தது. காத்தவர் அவரே. அவள் செய்தது நாரைகளுக்கு நன்றிக்கடன், அவ்வளவுதான். "அடுத்த தையில நானும் வந்து சூடம் அணைப்பேன் அக்கா, ஏன்னா இனிமே எனக்கும்..." என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமியார் குரல் கொடுத்தாள்: "சோலை, ஒம் பிள்ளை ரெண்டும் பசிக்குக் கத்துது, வா." ஒன்று தொட்டிலில் கிடந்தது, மற்றது, எஸ்தர் வந்து கூட்டிப்போகும்வரை விருந்தாளியாக, வேலியோரம் நெட்டைக் காலில் நின்றது. "இந்தா வந்துட்டேன் அத்தை" என்று, இருந்ததிலேயே பெரிய கெண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.