கைப்பிடி மாட்டிய வரிசை

எங்கள் வீட்டில் ஆள் மூன்று, வண்டி ஒன்று, மூளை ஒன்று. மூளை சித்தப்பா ஒச்சப்பனிடம் இருப்பதாக நான் நினைத்தேன். என்னிடம் இருப்பதாக அவர் மகன் காசிமாயன் நினைத்தான். காசிமாயனிடம் இருப்பதாகச் சித்தப்பா நினைத்தார். அதனால் அவசரத்துக்குத் தேடும்போதெல்லாம் அது அடுத்தவரிடம் இருந்தது.

வண்டி எங்கே இருக்கிறது என்பது மட்டும் மூவருக்கும் தெரியும். வாசலில். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றுகிற பழைய பிக்கப். என் பெயர் சோலைராசு, ஓட்டுவது நான். பத்தாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன். ஒரே தடவை படித்தவனைவிட எனக்கு மூன்று பங்கு படிப்பு என்று பெண் வீட்டாரிடம் சித்தப்பா பெருமையாகச் சொல்வார்.

பெண் வீட்டார் என்றால், அதுவரை ஒரே ஒரு வீட்டார்தான். செம்பட்டியில். பேச்சு நல்லபடியாக முடிந்து கிளம்பும்போது, பெண்ணின் தாய்மாமன் மரியாதைக்கு என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட வந்தார். இழுத்தார். கைப்பிடியில் பாதி அவர் கையோடு போய்விட்டது. மறுநாள், "சகுனம் சரியில்லை" என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். அந்த ஆளிடமே பாதிக் கைப்பிடியையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். நல்ல மனிதர்கள்.

அப்போது எனக்கு வயது முப்பத்து மூன்று. மூன்று ஆண்கள் மாறி மாறி வைக்கிற ரசத்தைப் பத்து வருஷம் குடித்துப் பார்த்தால்தான் என் வருத்தம் புரியும்.

அடுத்து சின்னாளபட்டியில் ஒரு பெண் அமைந்தாள். புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வரச் சொன்னார்கள். இந்தத் தடவை கதவால் காரியம் கெடக் கூடாது என்று அன்று காலையிலேயே வத்தலக்குண்டுக்குப் போய், ரஹமத்துல்லா பாய் கடையில் கைப்பிடி இரண்டு வாங்கினோம். உடைந்தது ஒன்றுதான். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் வண்டிக்கு மாறுகண் மாதிரி இருக்கும் என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

"வீட்டுலயே மாட்டிரலாம்" என்றார் பாய். "ஒருத்தர் உள்ள உக்காந்து, கதவைச் சாத்திக்கிட்டு நட்டைக் கழட்டணும். ஒருத்தர் வெளிய பிடிச்சுக்கணும். கழட்டும்போது நடக்குறதை ஒண்ணு விடாம வரிசையா எழுதிக்கங்க. மாட்டும்போது கடைசியிலருந்து ஒண்ணாம் நம்பருக்கு வாங்க. வரிசை மாறுச்சுன்னா அப்புறம் எங்கிட்ட வராதீங்க."

"நடக்குறது பூராவுமா?" என்று கேட்டார் சித்தப்பா.

"ஒண்ணு விடாம" என்றார் பாய்.

உடைந்த பக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டு, ஒன்று விடாமல் எழுதினோம். நான் உள்ளே, சித்தப்பா வெளியே, காசிமாயன் காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில். ஒன்று, அண்ணன் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான். இரண்டு, பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா பையோடு வந்து, "இதெல்லாம் உருப்படுமாடா?" என்று கேட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் பஸ் ஏறப் போனாள். மூன்றிலிருந்து ஆறு வரை கதவின் உள்பக்கத்து அட்டையும் அதன் திருகுகளும். ஏழு, காசிமாயன் தும்மினான். பதினொன்று, சித்தப்பாவுக்கு விரல் நசுங்கி, "ஐயோ அம்மா" என்றார். பதினாலு, கம்பியைப் பிடித்திருந்த கிளிப் தெறித்து, ஜன்னல் வழியாகப் போய்ச் சித்தப்பாவின் சட்டைப்பையில் விழுந்தது. இருபது, பழைய கைப்பிடி வந்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் கழற்றிவிட்டோம். இவ்வளவு சுலபமான வேலைக்கா மெக்கானிக் என்று சிரித்துக்கொண்டோம். பிறகு மாட்ட ஆரம்பித்தோம்.

புதுக் கைப்பிடி சமர்த்தாக உட்கார்ந்தது. பதினாலில் வேலை நின்றது. சித்தப்பா கிளிப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எடுத்து, ஜன்னல் வழியாகக் கதவுக்குள் எறிந்தார். முப்பது தடவை எறிந்தார். முப்பத்தோராவது தடவை அது என் காதில் பட்டுத் திரும்பிச் சரியான இடத்தில் விழுந்தது. தெறிக்குமுன் அமுக்கிவிட்டேன்.

பதினொன்றுக்கு ஒரு விவாதம் வந்தது.

"விரல் நசுங்குனது மொதல்ல, கத்துனது பெறகு. அப்ப இப்ப?" என்றான் காசிமாயன்.

"கத்துறது மொதல்ல" என்றேன் நான். மூன்று பங்கு படிப்பு வீண் போகுமா?

சித்தப்பா கிழக்கே பார்த்து நின்று, "ஐயோ அம்மா" என்றார். பிறகு நிதானமாக விரலைக் கைப்பிடிக்கு அடியில் கொடுத்தார். நான் உள்ளேயிருந்து நட்டை முடுக்கினேன்.

"காலையில அளவுக்கு வலியில்லடா" என்றார் கண்ணீரோடு. "இப்ப முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சுல்ல."

தும்மல்தான் எங்களைச் சோதித்தது. காசிமாயனுக்குத் தும்மல் வரவில்லை. மிளகாய்ப் பொடியை ஊதிப் பார்த்தோம். சித்தப்பா பதினேழு தடவை தும்மினார்.

"அதுல ஒண்ணை என் கணக்குல எழுதிக்கவாப்பா?"

"ஒந்தும்மலை நான் தும்ம முடியுமாடா? பேரு போட்டுல்ல எழுதியிருக்கு?"

இரண்டரை மணிக்கு, ஆசையை விட்டுவிட்டு மோர் குடிக்கும்போது, காசிமாயன் தானாகத் தும்மினான். சித்தப்பா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். திருகுகளும் அட்டையும் மாட்டி முடித்தபோது மணி மூன்று. கைப்பிடி கல்லு மாதிரி இருந்தது. பாக்கி இரண்டே வரி. பஞ்சவர்ணம் அக்கா வந்து கேட்க வேண்டும், அப்புறம் நான் கதவைத் திறந்து இறங்க வேண்டும்.

அக்காவுக்குப் போன் போட்டோம். வெள்ளிக்கிழமைதான் வருவாளாம். விஷயத்தைச் சொன்னதும், "அடப்பாவிகளா, இதெல்லாம் உருப்படுமாடா?" என்றாள்.

"கேட்டுட்டாங்க! எறங்கவா?" என்று கத்தினேன்.

சித்தப்பா தாளைப் பார்த்தார். "வந்து கேட்டாள்னு போட்டிருக்கு. போன்ல கேட்டா வந்ததாகுமா?"

"அந்தப் பக்கத்துக் கதவு வழியா எறங்கட்டுமே" என்றான் காசிமாயன்.

"ஏறுனது இந்தப் பக்கம், எறங்குறது அந்தப் பக்கமா? அது திருட்டுத்தனம்டா."

நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. கதவு பூட்டியில்லை. உள்கைப்பிடி என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. புது வேட்டி கட்டிக்கொண்டு, நாலு மணி ஆவதையும் நாலரை ஆவதையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது சம்பந்தமும் இந்தக் கதவாலேயே போகிறது என்று புலம்பினேன். இறங்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

ஐந்தரை மணிக்கு ஒரு மொபெட் வந்து நின்றது. பெண்ணின் அப்பா சீனிச்சாமி. "ஆளைக் காணோமேன்னு வந்தேன்" என்றார்.

சித்தப்பா தாளை நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் இருபது வரியையும் விரல் வைத்துப் படித்தார்.

"சரிதானே? வரிசைன்னா வரிசைதான்" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா, அழகுமீனா காபித் தட்டோட நிக்கிறாளே! மாப்பிள்ளை வர்ற வரைக்கும் தட்டைக் கீழ வைக்காதன்னு சொல்லிருந்தேன்."

"எப்பருந்துண்ணே?" என்றார் சித்தப்பா.

"நாலு மணியிலருந்து."

என் நெஞ்சு உருகிவிட்டது. சொன்ன சொல்லுக்காக ஒன்றரை மணி நேரம் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்! கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த சீட்டிலேயே முடிவு செய்தேன்.

"மாப்ள எறங்கக் கூடாதுன்னுதான இருக்கு? ஓட்டக் கூடாதுன்னு இல்லையே?" என்றார் சீனிச்சாமி.

இப்படியொரு மூளையை எங்கள் வீட்டில் நாங்கள் பார்த்ததேயில்லை.

கிளம்பினோம். சித்தப்பாவும் காசிமாயனும் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். மொபெட்டை முன்பே பின்னால் ஏற்றியிருந்தார்கள். மொபெட்டில் வந்தவன் மொபெட்டில்தான் திரும்புவேன் என்று சீனிச்சாமி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் தவறாமல் கை காட்டினார்.

சின்னாளபட்டியில் அவர்கள் தெரு ஒரு சந்து. வண்டி நுழையும், இரண்டு பக்கமும் நீட்டியிருந்த மிரர்கள் நுழையவில்லை. சந்தின் கடைசி வாசலில் தட்டோடு ஒரு பெண் நிற்பது தெரிந்தது. தட்டு நேராக இருந்தது.

"பொண்ணை இங்க வரச் சொல்லலாமா?" என்றான் காசிமாயன்.

"வாசல்ல குடுத்தாத்தான் பொண்ணு பாக்குற காபி. தெருமுனையில குடுத்தா டீக்கடை" என்றார் சித்தப்பா.

நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். அவள் தட்டோடு நடந்து வந்தாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். பின்னால் ஹெல்மெட்டோடு இருந்த அப்பாவைப் பார்த்தாள். இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று தலை குனிந்துகொண்டேன். செம்பட்டிக்காரர்களாவது கைப்பிடியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"நீங்க எறங்கலையா?"

உள்ளதைச் சொன்னேன். மிரர்களையும் சந்தின் அகலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப மிரரைக் கழட்டிருவோம். வண்டி வாசலுக்கே வந்துரும்" என்றாள். தட்டை அப்பா கையில் கொடுத்தாள். "கீழ வச்சிராதீங்கப்பா." பிறகு காசிமாயனிடம் கை நீட்டினாள். "ஒரு வெள்ளைத்தாள் குடுங்க. கழட்டுறதை வரிசையா எழுதிக்கணும்ல?"

அவளிடம் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. தானாகவே தெரிந்திருந்தது. பானெட்டின்மேல் தாளை வைத்து எழுதினாள். எழுதியதை ஜன்னல் வழியாக எனக்குக் காட்டினாள். ஒன்று, பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. இரண்டு, இடது மிரர்.

மிரர்களைக் கழற்றியதும் வண்டியை வாசலுக்கு ஓட்டி, ஆறிப்போன காபியை சீட்டில் உட்கார்ந்தே குடித்தேன். என் வாழ்நாளில் அதுபோல ஒரு காபி குடித்ததில்லை. வெள்ளிக்கிழமை பஞ்சவர்ணம் அக்கா வந்து தன் வாயால் கேட்டதும் வண்டியைவிட்டு இறங்கினேன். தை மாதம் கல்யாணம்.

ஆறு வருஷம் ஆகிறது. மிரர்கள் இரண்டும் பழைய துண்டில் சுற்றிப் பீரோவில் இருக்கின்றன. போலீஸ்காரர்கள் எத்தனையோ தடவை நிறுத்திக் கேட்டுவிட்டார்கள். நான் மாட்டுவதாக இல்லை. மாட்ட ஆரம்பித்தால் கடைசியில் ஒன்றாம் நம்பருக்கு வந்தாக வேண்டும், அதில் அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போக வேண்டும். அதனால் நான் முன்னால் பார்த்து ஓட்டுகிறேன். பின்னால் என்ன வருகிறதென்று அழகுமீனா ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்கிறாள்.